முருங்கைக்காயை மறுத்தவன்

ரத்த தானம் செய்யப் போகிற நாளில் நான் அரைக்கைச் சட்டைதான் போடுவேன். முழங்கை மடிப்பில் பஞ்சும் அதன் மேல் குறுக்காக ஒட்டிய பிளாஸ்திரியும் நாலு பேருக்குத் தெரிய வேண்டும் அல்லவா? "சாயங்காலம் எடுத்துருங்க சார்" என்று நர்ஸம்மா சொல்லித்தான் அனுப்புவார். மறுநாள் காலை குளிக்கும்வரை நான் எடுத்ததில்லை. அலுவலகத்தில் யாராவது "என்ன சார், கையில?" என்று கேட்க வேண்டும். கேட்டால், "ஒண்ணுமில்லப்பா, சும்மா ஒரு யூனிட் குடுத்துட்டு வந்தேன்" என்று பட்டும் படாமலும் சொல்ல வேண்டும். அந்தச் 'சும்மா'வைச் சரியான தொனியில் சொல்லப் பல வருடப் பயிற்சி எனக்கு உண்டு. யாரும் கேட்காவிட்டால் கையை நீட்டிச் சோம்பல் முறிப்பேன். அதற்கும் அசையாத கல்நெஞ்சர்களுக்காக, அலமாரியின் மேல்தட்டு ஃபைலை அந்தக் கையாலேயே எடுக்கப் போய் லேசாக முகம் சுளிப்பேன்.

ஒரு முறை என் ரத்தத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கல்யாண மண்டபத்தில் முகாம். விரல் நுனியில் குத்தி, வந்த ரத்தத்தில் ஒரு சொட்டை மயில்துத்தக் கரைசலில் விடுவார்கள். சின்னக் குடுவையில் நீலத் தண்ணீர். சொட்டு நேராக அடிக்குப் போனால் ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையவில்லை, படுக்கையில் போய்ப் படுக்கலாம். மிதந்தால் வந்த வழியே போகலாம். என் சொட்டு கொஞ்சம் இறங்கியது, பாதியில் நின்றது, பிறகு மனதை மாற்றிக்கொண்டு மெள்ள மேலே வந்துவிட்டது. அந்தப் பையன் என்னை ஏறிட்டுப் பார்த்து, "கீரை, பேரீச்சம்பழம் எல்லாம் சாப்பிட்டுட்டு மூணு மாசம் கழிச்சு வாங்க சார்" என்றான்.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? எங்கோ ஒரு தலசீமியா குழந்தைக்கு ஒரு யூனிட் குறைந்துவிட்டதே என்று. எனக்குத் தோன்றியதோ, காலையில் அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்துவிட்டோமே என்றுதான். மண்டபத்துக்குப் பின்னால் இருந்த டீக்கடையில், ரத்தம் கொடுத்து முடிக்க ஆகும் நேரத்தைக் கணக்குப் போட்டு உட்கார்ந்திருந்தேன். விரல் நுனியில் இருந்த பஞ்சை முழங்கைக்கு இடம் மாற்றலாமா என்றுகூட ஒரு யோசனை வந்தது. பிளாஸ்திரி இல்லாததால்தான் அது நடக்கவில்லை. இதை நேர்மைக் கணக்கில் சேர்க்க முடியாது. அலுவலகத்துக்குள் நுழைந்ததும், "குடுத்தாச்சா சார்?" என்று கேட்டார்கள். "ஆச்சு, ஆச்சு" என்றேன். போய் வந்தாச்சு என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம் என்பது என் வாதம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் ஒருவன் வெளியே ஓடிப்போய் மாதுளை ஜூஸ் வாங்கி வந்து, "குடிங்க சார், தெம்பா இருக்கும்" என்று நீட்டினான்.

குடித்தேன். மிச்சம் வைக்காமல்.

ரத்தத்துக்கும் காசுக்கும் உள்ள உறவு நம் நாட்டில் ஒரு காலத்தில் வெளிப்படையாகவே இருந்தது. கூலிக்கு ரத்தம் கொடுப்பவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்பார்கள். 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பால், 1998 ஜனவரி 1 முதல் அந்த வியாபாரம் தடை செய்யப்பட்டது. இங்கிலாந்தின் ரிச்சர்ட் டிட்மஸ் 1970-லேயே இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிவிட்டார். காசு கொடுத்து வாங்கும் ரத்தத்தைவிட மனமுவந்து கொடுக்கும் ரத்தமே பாதுகாப்பானது என்பது அவர் கட்சி. காசுக்காகக் கொடுப்பவன் தன் நோயை மறைப்பான் என்றார். ஒரு சட்டமும் ஒரு பெரிய அறிஞரும் சேர்ந்து மனிதனின் பரந்த மனதை நம்பி ரத்த வங்கியை நடத்துகிறார்கள். அந்தப் பரந்த மனது எனக்குள் பிளாஸ்திரி வடிவில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது.

எனக்குமே தெரிந்திருக்காது, வீட்டில் ஒரு ஆள் இல்லாவிட்டால். என் மனைவிக்கு சிக்குன்குனியா வந்து, கை விரலை மடக்க முடியாமல் படுத்திருந்தாள். சமையலறையை நான் ஏற்றுக்கொண்டேன். முதல் நாள் மிளகு ரசம். அவள் இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் "நல்லா இருக்கா?" என்று கேட்டேன். கொஞ்சம் பொறுத்து "மிளகு தூக்கலா?" என்றேன். தட்டை எடுக்கும்போது இன்னொரு தரம் கேட்டேன். பிறகு கோவில்பட்டியில் இருக்கும் மைத்துனிக்குப் போன் போட்டு, அக்கா உடம்பைப் பற்றி ஒரு வரியும் ரசத்தைப் பற்றி மீதியும் பேசினேன். உள்ளே கட்டிலில் இருந்து குரல் வந்தது: "எனக்குக் காய்ச்சல் வந்ததே உங்களுக்குப் பேர் வாங்கிக் குடுக்கத்தானாங்க?"

அந்தக் கேள்விதான் என்னைத் தத்துவத்தின் பக்கம் தள்ளியது. வீட்டில் பதில் சொல்ல முடியாதவர்கள் போய்ச் சேரும் இடம் அதுதான்.

போனவுடன் ஆறுதலும் கிடைத்தது. 17-ம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ், மனிதன் அடிப்படையில் சுயநலக்காரன் என்று எழுதிப் பெயர் வாங்கியவர். அவர் லண்டனில் ஸ்ட்ராண்ட் வீதியில் போகும்போது ஒரு கிழவன் பிச்சை கேட்டான். இரக்கத்தோடு பார்த்து 6 பென்ஸ் எடுத்துக் கொடுத்தார். பக்கத்தில் நின்ற பாதிரியார் விடவில்லை. கிறிஸ்து சொல்லாமல் இருந்திருந்தாலும் இதைச் செய்திருப்பீர்களா என்று மடக்கினார். செய்திருப்பேன் என்றார் ஹாப்ஸ். அவன் படும் பாட்டைப் பார்க்க எனக்கு வேதனையாக இருந்தது. கொடுத்ததில் அவனுக்கும் தேவலை, எனக்கும் தேவலை என்றாராம். அவருடைய நண்பர் ஜான் ஆப்ரி இதை எழுதி வைத்திருக்கிறார்.

ஆகா, என்றேன். ஹாப்ஸே தன் வலிக்கு மருந்தாகத்தான் 6 பென்ஸ் போட்டிருக்கிறார் என்றால் நான் ரசத்துக்குப் பாராட்டு கேட்டதில் என்ன குற்றம்? எல்லோருமே இப்படித்தான். இந்த ஞானம் வந்த பிறகு என் செலவு கணிசமாகக் குறைந்தது. அன்னதான ரசீதுப் புத்தகத்தோடு வந்தவர்களிடம், "இதெல்லாம் நம்ம மனத்திருப்திக்குத்தானே செய்றோம்?" என்று கேட்டு அனுப்பினேன். அவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். உலகத்தில் எவனும் தன்னலமில்லாமல் எதுவும் செய்வதில்லை என்ற கொள்கை ஒரு கஞ்சனுக்குக் கிடைத்தால் எப்படி இருக்கும்? எனக்குத் தெரியும். மாதக் கடைசியில் பர்ஸில் நோட்டு இருக்கும்.

அந்தச் சௌகரியத்தையும் ஒருவர் வந்து கெடுத்தார். அமெரிக்க உளவியலாளர் டேனியல் பேட்சன். அவரும் குழுவினரும் 1981-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். எலைன் என்ற பெண்ணுக்கு மின் அதிர்ச்சி கொடுப்பதை மாணவிகள் திரையில் பார்க்க வேண்டும். அவளுக்குத் தாங்கவில்லை என்று தெரிகிறது. பார்ப்பவர்களில் சிலர் விருப்பப்பட்டால் இரண்டு சுற்றோடு எழுந்து போய்விடலாம், மீதியைப் பார்க்கத் தேவையில்லை. ஹாப்ஸ் சொன்னது சரியென்றால் கதவு திறந்திருக்கும்போது எழுந்து போவதுதானே சுலபமான வைத்தியம்? கண்ணை விட்டு மறைந்தால் வேதனை போயிற்று. ஆனால் அவள் மேல் உள்ளபடியே இரக்கம் ஏற்பட்டவர்களில் பலர் போகவில்லை. அவளுக்குப் பதிலாக நான் உட்கார்ந்துகொள்கிறேன் என்றார்கள். (எலைனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது பதிவு செய்த நடிப்பு.) ராபர்ட் சியால்டினி போன்றவர்கள் இதை ஒத்துக்கொள்ளவில்லை. சோகமாக இருப்பவன் தன் மனநிலையைச் சரிசெய்து கொள்ளத்தான் உதவுகிறான் என்று மறுத்தார்கள். பேட்சன் பதிலுக்கு இன்னொரு சோதனை, அவர்கள் பதிலுக்கு இன்னொன்று என்று வருடக்கணக்காக நடந்த சண்டை அது. தீர்ப்பு எதுவாக இருந்தாலும் அந்தப் பெண்கள் நாற்காலியை விட்டு எழுந்து கதவுப் பக்கம் போகவில்லை என்பது என்னைக் கொஞ்சம் தொந்தரவு செய்தது. நான் கதவுப் பக்கம் போகிறவன்.

அப்படித்தான் ஒரு நாள் மதுரை ஜங்ஷனில் வைகை எக்ஸ்பிரஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா, எழுபது இருக்கும், கையில் ஒரு கட்டைப்பை, தலையில் ஒரு சாக்கு மூட்டை. "தம்பி, டிக்கெட் மட்டும் எடுத்தவுக ஏறுற பெட்டி எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டது. நின்றால் வண்டி போய்விடும் என்ற பதற்றம். "அந்தப் பக்கம் போங்கம்மா" என்று கை போன திசையில் காட்டிவிட்டு என் பெட்டியில் ஏறி, ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் தெரிந்தது, வண்டி கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. பேப்பரில் தலையங்கத்தைப் படித்து முடித்து விளையாட்டுப் பக்கத்துக்குப் போகிற அளவுக்கு நேரம். முன்பதிவில்லாப் பெட்டி இந்தக் கோடியில் பக்கத்திலேயே இருந்ததும், அந்த அம்மாவை நான் எதிர்க்கோடிக்கு அனுப்பிவிட்டதும் தெளிவாகத் தெரிந்தது. இறங்கிப் போய்க் கூட்டி வந்திருக்கலாம். சீட் போய்விடுமோ என்று இருந்தது. முன்பதிவு செய்த சீட்.

இந்தக் காரியத்தில் பெருமை கலக்கவில்லை. விளம்பரம் இல்லை. யாரும் பார்க்கவில்லை, எனக்கு ஆதாயமும் இல்லை. உள்நோக்கம் ஒரு துளிகூட இல்லாமல் நான் செய்த சுத்தமான காரியம் அநேகமாக இது ஒன்றுதான்.

அவசரத்தின் மேல் பழியைப் போட வழி இருக்கிறதா என்று தேடினேன். இருக்கிறது. அதே பேட்சன், ஜான் டார்லியோடு சேர்ந்து 1973-ல் வெளியிட்டது. பிரின்ஸ்டனில் பாதிரியார் படிப்புப் படிக்கும் மாணவர்கள் 40 பேர். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு உரை ஆற்ற வேண்டும். பாதிப் பேருக்குக் கொடுத்த தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகிற வழியில் ஒரு ஆள் சுருண்டு கிடந்து இருமுகிறான், முனகுகிறான். நேரம் நிறைய இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் உதவினார்கள். ஏற்கெனவே தாமதம், ஓடு என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். சமாரியன் கதையைப் பேசப் போகிறவர்கள் அதற்காகக் கூடுதலாக நின்றதாகவும் தெரியவில்லை. இதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று படுத்தேன். அவசரம் தீர்ந்த பிறகும் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவனைப் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சரி, நம்மால்தான் முடியவில்லை, முடிந்தவர்களை மனதாரப் பாராட்டவாவது செய்யலாம் அல்லவா? அதிலும் என் லட்சணம் இதுதான்.

ஜார்ஜ் பிரைஸ் என்று ஒரு அமெரிக்கர். வேதியியல் படித்தவர். 1967-ல் லண்டனுக்கு வந்து, தனக்குச் சம்பந்தமே இல்லாத உயிரியலில் இறங்கினார். அங்கே டபிள்யூ.டி. ஹாமில்டன் 1964-ல் ஒரு கணக்கைப் போட்டு வைத்திருந்தார். உயிர்கள் தங்கள் நலனை விட்டுக்கொடுத்துச் சொந்தங்களுக்கு உதவுவது ஏன்? ரத்தத்தில் பங்கு இருப்பதால். உடன்பிறந்தவருக்கு அரைப் பங்கு, அவர் பிள்ளைக்குக் கால் பங்கு. உதவியால் கிடைக்கும் பலனை அந்தப் பங்கால் பெருக்கினால் வருவது செலவைவிடக் கூடுதலாக இருந்தால் அந்தக் குணம் தலைமுறை தாண்டி நிலைக்கும். தாய்மாமன் சீர் செய்யும்போது நாம் யாரும் இப்படிப் பெருக்கிப் பார்ப்பதில்லை என்றாலும், சீர்த்தட்டு எண்ணும்போது மாமன்மார் முகத்தைப் பார்த்தால் உள்ளே ஏதோ ஒரு கணக்கு ஓடுவது தெரியும். பிரைஸ் அந்தக் கணக்கை எடுத்து, பரிணாமத்துக்கே பொதுவான ஒரு சமன்பாடாக்கி 1970-ல் நேச்சர் இதழில் வெளியிட்டார். அன்பு, தியாகம் எல்லாமே அதற்குள் அடங்கிவிடும் என்று தோன்றியது.

அப்படி ஒரு கணக்கைப் போட்ட மனிதர் என்ன செய்திருக்க வேண்டும்? என்னைப் போல அன்னதானக்காரர்களை அனுப்பிவிட்டுக் காலாட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். அவரோ அதே 1970-ல் தீவிரக் கிறிஸ்தவராக மாறினார். லண்டன் தெருக்களில் கிடந்த குடிகாரர்களையும் வீடற்றவர்களையும் தேடிப் போய்க் காசு கொடுத்தார், தன் வீட்டில் தங்க வைத்தார், கோட்டையும் சட்டையையும் கொடுத்தார். கடைசியில் வீடும் போய், ஆளில்லாத கட்டடத்தில் அவர்களோடு ஒண்டிக்கொண்டார். இரவில் அலுவலகம் துடைக்கும் வேலை பார்த்தார். மனம் மிகவும் ஒடிந்து, 1975 ஜனவரியில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அடக்கத்துக்கு ஹாமில்டனும் ஜான் மேனார்ட் ஸ்மித்தும் வந்தார்கள். உயிரியலின் இரண்டு பெரிய தலைகள், கூடவே அவரிடம் கோட்டும் காசும் வாங்கிய தெருவாசிகள் சிலர்.

இதைப் படித்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் அடுத்து நான் செய்த காரியம், இந்த ஆளிடம் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தேடியதுதான். கிடைத்தது. அமெரிக்காவில் இருந்தபோதே மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் விட்டுப் பிரிந்தவர். படித்தவுடன் எனக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா? "பெத்த பிள்ளையைப் பார்க்காதவன் ஊருக்கு உதவி என்ன புண்ணியம்?" என்று கூடத்தில் நின்று சத்தமாகவே சொன்னேன். பெற்ற பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு ஒழுங்காகப் போனதில்லை என்பது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. ஞாபகப்படுத்தவும் வீட்டில் ஆள் உண்டு.

இந்தக் குணத்தையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 2012-ல் ஜூலியா மின்சனும் பெனுவா மோனினும் அசைவம் சாப்பிடுகிறவர்களிடம் சைவர்களைப் பற்றிக் கேட்டார்கள். சைவர்கள் நம்மைத் தாழ்வாக நினைப்பார்கள் என்ற எண்ணத்தை முதலில் கிளறிவிட்டுக் கேட்டால், சைவர்கள் மேல் இவர்களின் மதிப்பு இன்னும் சரிந்தது. நல்லவன் ஒருவன் எதிரில் வந்து நின்றால் நமக்கு முதலில் தெரிவது அவனுடைய நன்மையில்லை, அவன் பக்கத்தில் நாம் எவ்வளவு குட்டை என்பது. பிரைஸ் இறந்து ஐம்பது வருடம் ஆன பிறகும் மதுரையில் ஒருவனைக் குட்டையாக்கிக்கொண்டிருக்கிறார். நான் அவரை இழுத்துக் கீழே போடத்தான் பார்ப்பேன்.

நம் பழைய ஆட்களிடம் கேட்டுப் பார்த்தேன். வள்ளல் ஆய் அண்டிரன் மறுமையில் திரும்பக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு அறத்தை வியாபாரம் செய்கிறவன் இல்லை, சான்றோர் போன வழி என்பதால்தான் கொடுக்கிறான் என்று புறநானூற்றில் முடமோசியார் பாடியிருக்கிறார். தன்னலமில்லாத ஈகைக்கு இதைவிடத் தெளிவான சான்றிதழ் கிடையாது. என் குறுக்குப் புத்தி அங்கேயும் நுழைந்தது. சான்றிதழ் கொடுத்தவர் யார்? ஆய், யானைகளை வாரி வழங்கியவன். பாடியவர் அவன் அவைப் புலவர். அவனுக்கும் நட்டமில்லை; ரெண்டாயிரம் வருடமாகப் பெயர் நிற்கிறது. வள்ளுவருக்கு இந்தக் கவலையே இருந்ததாகத் தெரியவில்லை. ஈகை அதிகாரத்தில், சேர்த்து வைத்துத் தொலைக்கிறவர்களைப் பார்த்து, கொடுப்பதில் இருக்கும் இன்பம் உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டுவிட்டுப் போகிறார். இன்பம் இருந்தால் தானம் கெட்டுவிடும் என்று அவர் நினைக்கவில்லை. ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி என்ற பொருளியலாளர் 1990-ல் கொடுப்பவர் உள்ளத்தில் ஏறும் கதகதப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று சமன்பாடு எழுதினார். வள்ளுவர் சமன்பாடு இல்லாமலே விஷயத்தை முடித்திருந்தார்.

எனக்கு மட்டும் முடியவில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு நல்ல காரியமாவது பிரதிபலன் கலக்காமல், பாராட்டு கலக்காமல், அக்மார்க் சுத்தமாகச் செய்து பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். ஆளும் பக்கத்திலேயே இருந்தார்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர். மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார், மகன் வெளியூரில். செல்போனில் பேச மட்டும்தான் தெரியும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கரண்ட் பில், கேஸ் புக்கிங், வருடத்துக்கு ஒரு தடவை பி.எஃப். பென்ஷனுக்கு உயிரோடு இருப்பதாகச் சான்று. அந்தப் பென்ஷனின் குறைந்தபட்சத் தொகையை 2014-ல் மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். இவருக்கு வருவது அதைவிடச் சொற்பம்தான் கூடுதல். அந்தச் சொற்பத்துக்குத்தான் முகத்தைக் கேமராவில் காட்டி, கண்ணைச் சிமிட்டச் சொன்னால் சிமிட்டி, உயிர் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். போனை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று, ஓ.டி.பி. வந்ததும் ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாக வாசிப்பார். வாசிக்க வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றாலும் வாசிப்பார்.

ஒவ்வொரு தடவையும் வேலை முடிந்ததும் கொல்லைப்புறம் போய், துரட்டியால் முருங்கைக்காய் பறித்து, வாழைநாரில் கட்டி ஆறு காய் கொடுப்பார். நல்ல சதைப்பற்றுள்ள காய். என் மனைவி அவர் வீட்டுக் காய் என்றால் சாம்பாருக்கு வேறு காய் தேட மாட்டாள். சுத்தமான தானத்துக்குப் புறப்பட்டவனுக்கு இந்த ஆறு காய் இடித்தது. உதவிக்குக் கூலி வாங்கியதாக ஆகிவிடாதா? ஒரு நாள் கையைக் கூப்பி, "வேண்டாம்யா. இதுக்குப் போய்க் காய் வாங்கலாமா? நான் எதையும் எதிர்பார்த்துச் செய்யறதில்ல" என்றேன். அவர் கட்டிய காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "இருக்கட்டும் தம்பி, வீட்ல குடுங்க" என்றார். "வேண்டவே வேண்டாம்" என்று வந்துவிட்டேன். வீட்டுக்கு வரும்வரை நெஞ்சு நிமிர்ந்திருந்தது. எவருக்கும் சொல்லவில்லை. மனைவிக்குக்கூட மறுநாள்தான் சொன்னேன்.

அடுத்த கரண்ட் பில்லுக்கு அவர் வரவில்லை. அதற்கு அடுத்ததற்கும் வரவில்லை. ஒரு நாள் மெயின் ரோட்டு ஜெராக்ஸ் கடையில் அவரைப் பார்த்தேன். பையன் ஒருவன் அவர் போனைத் தட்டிக்கொண்டிருந்தான், அவர் எண்களைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் 20 ரூபாய் எடுத்துக் கொடுத்தார். "என்னய்யா, நம்ம வீட்டுக்கு வந்திருக்கலாமே?" என்றேன். அவர் சங்கடப்படாமல் சொன்னார்: "இங்கன காசைக் குடுத்தா அன்னைக்கு வேலை அன்னைக்கே முடிஞ்சிருது, தம்பி. உங்ககிட்ட ஏறிக்கிட்டே போகுதுல்ல."

ஏறிக்கிட்டே போகுது என்றால் என்ன? வீட்டுக்கு வந்து மர பீரோவைத் திறந்து அப்பா காலத்து மொய் நோட்டை எடுத்தேன். ஊர், பெயர், தொகை. 11 ரூபாய், 21 ரூபாய், ஓரிடத்தில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி. சிலவற்றுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் டிக். திருப்பிச் செய்தாயிற்று என்று அர்த்தம். சின்ன வயதில் இந்த நோட்டைப் பார்த்தாலே எனக்கு ஏளனம். அன்பைக் கணக்கெழுதி வைக்கிறார்களே என்று அப்பாவிடம் சண்டை போட்டிருக்கிறேன். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் கறிச்சோறு போட்டு மொய் விருந்தே நடத்துவார்கள். வட்டியில்லாத கைமாற்று அது. வாங்கியவன் அடுத்தவன் விருந்தில் கொஞ்சம் கூட்டித் திருப்பி எழுதுவான். அந்தப் பணத்தில் கிணறு வெட்டியவர்கள் உண்டு, கடை வைத்தவர்கள் உண்டு. எவரும் எவர் முன்னாலும் கை கட்டி நின்றதில்லை. பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925-ல் எழுதிய நீண்ட கட்டுரையில், திருப்பிக் கொடுக்க முடியாத கொடை வாங்கியவனைத் தாழ்த்திவிடுகிறது என்று சொல்லியிருக்கிறார். பேராவூரணி விருந்தைப் பார்த்திருந்தால் அவருக்குக் கட்டுரை இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும்.

ஆறு முருங்கைக்காயால் அந்த மனிதர் ஒவ்வொரு தடவையும் சிவப்பு மையில் டிக் போட்டுக்கொண்டிருந்தார். என் மனம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக நான் அவர் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கிவிட்டேன். அத்தனை நாளும் நான் பார்த்துக்கொண்டிருந்தது என் உள்நோக்கத்தைத்தான். எதிரில் ஒரு ஆள் காயோடு நின்றதைப் பார்க்கவில்லை.

மனைவியிடம் சொன்னேன். "அப்படியா? நான் கடையில ஒரு காய் பத்து ரூபான்னு வாங்கிட்டு இருக்கேன்" என்றாள். பிறகு, "அந்த டேபிள் ஃபேன் திரும்ப மாட்டேங்குதுல்ல, அதைத் தூக்கிட்டுப் போங்க. அவர் ஃபிட்டர்தானே" என்றாள்.

தூக்கிக்கொண்டு போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் ஃபேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வச்சுட்டுப் போங்க. இப்ப நேரமில்ல. வெள்ளிக்கிழமை வாங்க" என்றார். வெள்ளிக்கிழமை போனால், "கியர்ல பல்லு தேஞ்சிருக்கு. டவுன்ஹால் ரோட்டுலதான் கிடைக்கும். செவ்வாய்க்கிழமை பாப்போம்" என்றார். செவ்வாய்க்கிழமை ஃபேன் பிரித்தபடி பேப்பரில் பரப்பி இருந்தது. "அவருக்கு நேரமில்லாம இல்ல, உங்களை நடக்க விடுறாரு" என்றாள் மனைவி. நடந்தேன். ஒரு வழியாகச் சரிசெய்து, இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டி, "எண்ணெயே விடாம ஓட்டியிருக்கீங்க தம்பி. ஒரு மெஷினை வச்சிருக்கிற லட்சணமா இது?" என்று திட்டி அனுப்பினார். பார்ட்ஸுக்கு ஆன காசை மட்டும் வாங்கிக்கொண்டார்.

போன வாரம் காலையில் அவரிடமிருந்து போன். "தம்பி, கரண்ட் பில் வந்திருக்கு, வீட்ல இருக்கீகளா?" வந்தார். எண்களைச் சத்தமாக வாசித்தார். போகும்போது மஞ்சப்பையிலிருந்து முருங்கைக்காய்க் கட்டை எடுத்துத் திண்ணையில் வைத்தார். மறுபேச்சுப் பேசாமல் உள்ளே கொண்டு போய்க் கொடுத்தேன். மனைவி கட்டைப் பிரித்து எண்ணினாள். நாலுதான் இருந்தது. ஃபேனுக்கான கூலியை ரெண்டு காயாகக் கழித்துக்கொண்டிருக்கிறார் என்பது அவள் கட்சி. காய்ப்புக் குறைந்திருக்கலாம் என்பது என் கட்சி. போய்க் கேட்டுவிட்டு வாங்க என்கிறாள்.